அம்சவள்ளி எண்ணெய் தேய்த்துக்கொள்ளாத நாட்கள்

அஜித் ருமேனியாவுக்குக் கிளம்பியது ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் என்பதால் பத்து மணிக்கே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவனைச் சென்னை பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்தோம். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து வண்டியை எடுக்கும்போது பத்தே முக்கால். ஏறி உட்கார்ந்தது நல்ல நேரம்தான், பஸ் கிளம்பியதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று என் சித்தப்பா கந்தசாமி தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

அஜித் என் சித்தி அம்சவள்ளியின் ஒரே மகன். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு டிரெய்லர்களுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். ருமேனியாவில் ஒரு கம்பெனிக்கு வெல்டர் வேண்டும் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்ல, ஒரு பசுவும் சித்தியின் சங்கிலியும் அந்த ஏஜென்டிடம் போய்ச் சேர்ந்தன.

கிளம்பும் முன் அவன் அம்மாவுக்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தான். கல்வராயன் மலையடிவாரத்தில் புதிதாக வந்த ஸ்பா ஹோட்டலுக்கு இரும்புக் கேட் செய்து கொடுத்தது அவன்தான். வேலை பிடித்துப்போய் ஹோட்டல்காரர்கள் கூலியோடு ஒரு கூப்பனும் கொடுத்தார்கள். இரண்டு பேர், இரண்டு ராத்திரி, சாப்பாடு, எண்ணெய் மசாஜ் எல்லாம் இலவசம். தான் போனபின் அம்மா வீட்டில் உட்கார்ந்து அழக் கூடாது என்று அதே வெள்ளிக்கிழமைக்கு ரூம் போட்டுவிட்டான்.

"எண்ணெ தேச்சிக்கிறதுக்கு மலைக்குப் போவணுமா? வூட்ல எண்ணெ இல்லியா?" என்று சித்தப்பா வர மறுத்துவிட்டார். அன்றைக்கு அவருக்குக் கரும்புக்குத் தண்ணீர் முறை. அதனால் நான் போக வேண்டியதாயிற்று. ஆறு வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். "அவ எப்படியும் சும்மா ஊர் சுத்தறவதானே, இவளையும் இட்டுக்கினு சுத்தட்டும்" என்றார் சித்தப்பா.

சித்தி ஊர் சுற்றியவள் இல்லை. கல்யாணமாகி மூங்கில்துறைப்பட்டுக்கு வந்தாள். பிரசவத்துக்கு ஒரு முறையும் கர்ப்பப்பையை எடுக்க ஒரு முறையும் வெளியே தங்கினாள். மற்ற நாளெல்லாம் களையெடுப்பு, கரும்பில் காய்ந்த சோகை உரிப்பு, மாடு. மாட்டுக்குத் தலைச்சுமையாகப் புல் சுமந்து சுமந்து கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டுவிட்டது. வாரத்தில் அவளுக்கென்று இருந்தது வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம். வெந்நீர் போட்டு, நல்லெண்ணெயை உச்சியில் வைத்து, கழுத்தை நீவிக்கொண்டு, சீயக்காய் தேய்த்துக் குளிப்பாள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவளுக்குக் காது கேட்காது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கம் திரும்பி ஹோட்டலை அடைந்தோம். வாசலில் சித்தி ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் கேட்டைத் தடவிப் பார்த்தாள். "இது எம்புள்ள வெச்ச கேட்டு" என்று வாட்ச்மேனிடம் சொன்னாள். அவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அன்று அவள் அடைந்த முழுத் திருப்தி அதுதான்.

ஏனென்றால் மூன்று மணிக்கு மசாஜ் ரூமில், கேரள முண்டு உடுத்திய கண்ணகி என்ற பெண் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தபோது, சித்தி கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள்.

"எண்ணெ வாணாம்மா."

"இன்னாங்க மேடம், அலர்ஜியா?"

"எம்புள்ள இன்னிக்குத்தான் பயணம் கெளம்புனான்."

வீட்டிலிருந்து ஒருவர் பயணம் போனால், மற்றவர்கள் அன்று எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கூடாது. ஏன் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. ஆள் போன கையோடு தலை முழுகுவது எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணகிக்கும் தெரிந்திருந்தது. உடுத்தியதுதான் கேரளம், அவளுக்கு ஊர் மேலே வெள்ளிமலைப் பக்கம். சட்டென்று கிண்ணத்தை மூடிவிட்டாள்.

வாசலில் வந்து நின்ற மேனேஜர் தமிழ்வேந்தனுக்குத்தான் புரியவில்லை. அவர் ஓட்டல் படிப்புப் படித்தவர்.

"மேடம், இது குளியல் இல்லீங்க, தெரபி."

"தம்பி, உச்சியில எண்ணெ வெச்சா அது குளியல்தான்."

"அப்ப தலைய விட்டுட்டு உடம்புக்கு மட்டும்?"

சித்தி யோசித்தாள். அவள் கழுத்து அதற்காக ஏங்கியது எனக்குத் தெரிந்தது. "கழுத்து தலையோட சேத்தியா, உடம்போட சேத்தியா?" என்று கண்ணகியைக் கேட்டாள்.

"எங்க ஊர்ல தலையோடதாங்க சேத்துக்குவோம்."

"அப்ப அதுவும் வாணாம். அவன் போய் எறங்கிட்டேன்னு சொல்லட்டும், தேச்சிக்கிறேன்."

விதி அந்த ஒரு நாளுக்குத்தான். மகன் ஊரைச் சேரும்வரை என்று நீட்டியது சித்தியின் சொந்தத் திருத்தம். அந்தக் காலத்தில் போகிறவர்கள் அன்றே போய்ச் சேர்ந்தார்கள், ருமேனியாவுக்கு அதெல்லாம் பொருந்தாது என்றாள்.

தமிழ்வேந்தன் போய்விட்டார். ஆனாலும் பாதியில் வெளியே வந்தால் முதலாளிகள் கண்ணகியைக் கேள்வி கேட்பார்கள். எனவே குறித்த நேரம் முடியும்வரை சித்தி, கண்ணகி, நான் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஸ்பீக்கரில் ஒரு அருவி ஓயாமல் கொட்டியது. "மோட்டார நிறுத்தச் சொல்லு, தண்ணி வீணாவுது" என்றாள் சித்தி.

மறுநாள் காலை எட்டரைக்கு அவளுடைய பட்டன் போன் அடித்தது. அஜித். சித்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ம்மா, வந்து சேந்துட்டேன். நீ எண்ணெ தேச்சிக்கோ."

என் கணக்குப்படி அவனுடைய விமானம் அப்போது அரபிக்கடலுக்கு மேலே எங்கேயோ இருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. சித்தியின் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"நல்லா எறங்கிட்டியா சாமி? குளுருதா?"

"குளுரு ஜாஸ்திம்மா. ஸ்வெட்டர் போட்டுக்கினேன்."

"இன்னா சாப்ட்ட?"

"பொங்கல் வடை."

சித்தி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"அங்க பொங்கல் வடை போடறாங்களாடா?"

"கம்பெனி கேன்டீன்மா. தமிழ் ஆளுங்க ஜாஸ்தி. சரி, வெக்கிறேன், சூப்பர்வைசர் கூப்பிடறான்."

சித்தி மசாஜ் ரூமுக்கு நடந்தாள். கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்தாள். கண்ணகி எண்ணெயைச் சூடு பார்த்துக் கையில் ஊற்றிக்கொண்டாள். அப்போது சித்தி தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"நீதான் அத்தினி ஊரு பாத்தவளாச்சே. அந்தத் தேசத்துல பொங்கல் வடை கெடைக்குமா?"

ஆறு வருடப் பயணத்தில் நான் கற்றதையெல்லாம் ஒருவர் பயன்படுத்திக்கொள்ள நினைத்தது அதுதான் முதல் முறை. "கெடைக்காதுன்னு சொல்ல முடியாது சித்தி" என்றேன்.

அவள் எழுந்து சேலையைச் சுற்றிக்கொண்டாள். "கையில ஊத்துனத எங்கனா தொடச்சிடும்மா" என்று கண்ணகியிடம் சொன்னாள்.

நான் தோட்டத்துக்குப் போய் அஜித்தை அழைத்தேன். அவன் சென்னையில் ஒரு லாட்ஜில் இருந்தான். விசா தள்ளிப்போய்விட்டது, அடுத்த வாரம் என்கிறான் ஏஜென்ட், கூட வந்தவர்களும் அங்கேயே இருக்கிறார்கள் என்றான். "நான் போய்ச் சேர்ற வரிக்கும் எண்ணெ வாணாம்னு அம்மா நேத்து ராத்திரி போன்ல சொல்லிச்சு. கூப்பன் வீணாப்பூடுமேன்னு அப்பிடிச் சொல்லிட்டேங்க்கா. அதுகிட்ட சொல்லிடாத."

திரும்பி வந்தால் சித்தி படியில் உட்கார்ந்திருந்தாள். "மெட்ராஸ்லயே கீறானா?"

நான் போனைப் பைக்குள் போட்டேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"அவனக் கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"கேட்டா ஒத்துக்குவான். ஒத்துக்கினா வெக்கப்பட்டுக்கினு வூட்டுக்கு வந்துடுவான். அவன் வந்துடுவான், மாடு வருமா? நீயும் எதுவும் தெரிஞ்சாப்ல காட்டிக்காத."

இப்படியாக, ஒருவருக்கொருவர் தெரியக் கூடாத ஒரே ரகசியத்தை இரண்டு பேரும் என்னிடம் ஒப்படைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பும்போது தமிழ்வேந்தன் வந்து, "தெரபி எப்படி இருந்திச்சு மேடம்?" என்று கேட்டார். "கட்டில் நல்லா இருந்திச்சு தம்பி" என்றாள் சித்தி.

அடுத்த வாரம் அடுத்த மாதமானது. அஜித் தினமும் போன் செய்தான். புரட்டாசியிலேயே முழங்கால் மட்டும் பனி பெய்ய வைத்தான். சித்தப்பா அந்தப் பனியை டீக்கடையில் இடுப்பு மட்டும் ஆக்கினார். சித்தி எதையும் மறுக்கவில்லை. "சாப்ட்டியா?" என்று கேட்பாள், ஆனால் என்ன சாப்பிட்டாய் என்று மறுபடி கேட்டதே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் சித்தப்பாவிடம் சளி என்றாள், தலைபாரம் என்றாள், எண்ணெய் விலை ஏறிவிட்டது என்றாள். எண்ணெய் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அது அழுக்குப் போகத்தான், கணக்கில் வராது என்பது இன்னொரு திருத்தம். கழுத்து இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. "அவன் சென்னைல நல்லாத்தான இருக்கான், தேச்சிக்கோயேன் சித்தி" என்றேன்.

"கெளம்பிட்டான், இன்னும் சேரல" என்றாள். "நடுவுல நான் இன்னா பண்றது?"

தை பிறந்து கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து என் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. சித்தியின் வயலுக்குப் போய், வரப்பில் அவளை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன்.

"அக்கா, இத அம்மாகிட்ட போட்டுக் காட்டு. ம்மா, இப்பதான் எறங்குனேன். இந்தத் தபா நெஜம். இத்தினி நாளு மெட்ராஸ்ல இருந்தது உனுக்குத் தெரியும்னு எனுக்கும் தெரியும். நீ கேக்கல, நானும் சொல்லல. கூட்டிப் போவ கம்பெனி ஆளு இன்னும் வரல, ஏர்போர்ட் வாசல்லதான் நின்னுக்கினு கீறோம். அவன் வரட்டும்னு நீ காத்துக்கினு இருக்காத. எண்ணெ தேச்சி ஊத்திக்கோ."