நாற்காலி அக்காவும் நான்கு பொய்க் கோடுகளும்

எல்லாரும் வேலை போய்விடக் கூடாதே என்று கவலைப்படுவார்கள். நாற்காலி அக்கா தன் வேலை சீக்கிரம் போக வேண்டும் என்று பாடுபடுகிறவர். அடம், அலறல், தலையை முட்டிக்கொள்வது என்று வீட்டையே இரண்டாக்கும் குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி தருவது அவர் தொழில். முதலில் குழந்தையின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவார். குழந்தை தேறத் தேற, ஒவ்வொரு தரைக்கல்லாக நாற்காலியைப் பின்னால் தள்ளுவார். நாற்காலி வாசலைத் தாண்டிவிட்டால் அந்த வீட்டில் அவருக்கு வேலை முடிந்தது. பட்டப்பெயர் வந்த கதை இதுதான். இப்படிப் பதினெட்டு வீடுகளிலிருந்து கௌரவமாக வெளியேறியிருக்கிறார்.

பத்தொன்பதாவது வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. ஏழு வயதுப் பெண் குழந்தை. ஷூவைக் கண்டாலே தரையில் விழுந்து தலையை முட்டிக்கொள்ளும். அம்மா வீட்டிலிருந்தே துணி தைப்பவள்; அப்பா பஸ் டிரைவர். அக்கா வாரம் இரண்டு நாள் போய், இரண்டு வருடம் போராடி, குழந்தையைப் படம் போட்ட அட்டையைப் பார்த்து ஷூ மாட்டப் பழக்கிவிட்டார். நாற்காலியும் வாசலுக்கு இரண்டு கல் தூரம் வரை வந்துவிட்டது.

அங்கேதான் சிக்கியது. குழந்தை ஒவ்வொரு முறை முட்டிக்கொள்ளும்போதும் அம்மா நோட்டில் ஒரு கோடு போட வேண்டும் என்பது ஏற்பாடு. அக்கா எதிரில் ஒரு கோடுகூட விழாத வாரத்தில், நோட்டில் மட்டும் கோடுகள் வரிசைகட்டி நின்றன.

ஒரு நாள் அப்பா வீட்டில் இருந்தார். "வியாழக்கிழமை நாலு கோடு போட்டிருக்கே, ரொம்பப் படுத்திட்டாளா?" என்று அக்கா கேட்டார்.

"வியாழக்கிழமையா? அன்னிக்குப் பூரா அவ எங்க அண்ணன் வீட்ல இல்ல இருந்தா?" என்று மனிதர் வெள்ளந்தியாகக் குட்டை உடைத்தார்.

அம்மாவின் முகம் சிவந்துபோனது. கணவர் தேநீர் போடுகிற சாக்கில் நழுவினார்.

"கோடு இல்லன்னா நீங்க வரமாட்டீங்களே அக்கா," என்றாள் அவள். "நீங்க போன மறுநாளே அவ பழையபடி ஆயிட்டா நான் என்ன பண்றது? இந்தச் சுவத்துல முட்டிக்கிட்டு நான்தான் அழணும்."

அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வெட்கம்தான் வந்தது. மூன்று வாரமாகவே அவருக்குச் சந்தேகம் இருந்தது. ஒரே மையில், ஒரே சாய்வில், அத்தனை அழகான கோடுகளை அலறும் குழந்தையை வைத்துக்கொண்டு யார் போட முடியும்? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அந்த வீடு அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. "அக்கா வந்தாச்சு!" என்று கதவு திறக்கும் வீடுகள் உலகத்தில் எத்தனை இருக்கின்றன!

"நீ பொய்க் கோடு போட்டே. நான் அதைப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து அவளைத் தேறாதவளாவே வச்சிருந்தோம்," என்றார் அக்கா. மறுநாள் தன்னை அனுப்பிய மையத்தின் மேலதிகாரியிடமும் அதையே ஒப்புக்கொண்டு, வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டார்.

பிறகு முறையாக ஆறு வாரத் திட்டம் போட்டார்கள். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஒரு நாள், அப்புறம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், முடிந்து ஒரு மாதத்தில் ஒரு போன். நிலைமை மோசமானால், புதிதாகப் பதிந்து காத்திருக்காமலே அக்காவைத் திரும்ப அழைக்கலாம்.

"மறுபடி முட்டிப்பாளா அக்கா?"

"முட்டிப்பா. பொய் சொல்ல மாட்டேன். அன்னிக்கு நீ என்ன பண்ணணும்னு பழகத்தான் இந்த ஆறு வாரம்."

அந்த நாள் நான்காவது வாரமே வந்தது. கால் வளர்ந்துவிட்டதால் புது ஷூ. பெட்டியைத் திறந்ததும் குழந்தை தரையில் விழுந்தது. அக்காவின் நாற்காலி அப்போது வாசலுக்கு வெளியே இருந்தது. எழுந்து ஓடத் துடித்த கைகளைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அம்மா ஒரு முறை வாசலைப் பார்த்தாள். அக்கா விட்டத்தைப் பார்த்தார். கல்நெஞ்சக்காரி என்று அக்கம்பக்கத்தார் நினைத்திருப்பார்கள்.

அம்மா குழந்தையின் தலைக்கடியில் தலையணையைச் செருகினாள். கெஞ்சவில்லை, அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அலறல் தணிந்ததும் அட்டையை நீட்டினாள். பதினோரு நிமிடம். குழந்தை விசும்பிக்கொண்டே ஷூவை மாட்டியது, இடது வலது மாறி. அம்மா திருத்தவில்லை. நோட்டை எடுத்து ஒரே ஒரு கோடு போட்டாள். விசும்பும் குழந்தையை ஒரு கையால் அணைத்தபடி போட்டதில் அது கோணலாக விழுந்தது. வெளியே அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கடைசி நாளில் அம்மா அழுதாள். "போன் பண்ணுவீங்கல்ல?" என்று நான்கு முறை கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து, சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் அக்கா போன் செய்தார்.

"யாரு?... ஐயோ, அக்காவா! இன்னிக்கா? சுத்தமா மறந்துட்டேன். பார்க்குக்குக் கிளம்பிட்டோம், படியில நிக்கிறோம். அவ நல்லா இருக்கா. சாயங்காலம் நானே கூப்பிடறேன், சரியா?" பின்னால் குழந்தை, "அம்மா, வா வா," என்று இழுக்கும் சத்தம். போன் கட்டானது.

சாயங்காலம் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அக்காவுக்குச் சுருக்கென்று இருந்தது உண்மை; ஆனால் மனசு நிறைந்திருந்ததும் உண்மை. அந்த வீட்டின் கோப்பினை மூடும் படிவத்தை எடுத்தார். 'குடும்பத்தின் தற்போதைய நிலை' என்ற கட்டத்தில், 'என்னை மறந்துவிட்டார்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.