எங்கள் வீட்டில் பிரிண்டர் இல்லை

அம்மா வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போட்டதில் ஒன்றுமே தொலையவில்லை என்று தம்பி அடித்துச் சொன்னான். நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். என் மகனின் காதுகுத்து இருந்தது. போர் போட்ட அன்று தண்ணீர் பீய்ச்சியடித்த வீடியோ இருந்தது. தீர்த்தமலைப் படியில் குரங்குக்குப் பயந்து அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடியது இருந்தது. எப்போதோ செத்துப்போன செவலை மாட்டுக்குக்கூட அதில் ஒரு ஃபோல்டர் இருந்தது. என் தங்கை மட்டும் இல்லை.

தங்கை தருமபுரியில் காலேஜ் படிக்கும்போது கூடப் படித்த பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பையன் வேறு சாதி. எங்கள் ஏரியூர்ப் பக்கம் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அப்பா கிணற்றடிக்குப் போய், செத்தவளுக்கு முழுகுவதுபோலத் தலை முழுகிவிட்டு வந்தார். அன்றைக்கே ஆல்பங்களை இழுத்துப் போட்டு அவள் படங்களையெல்லாம் அடுப்பில் வைத்தார். குடும்பமாக நின்ற படங்களில் அவளை மட்டும் கத்தரித்தார். என் கல்யாணப் படத்தில் என் தோள்மேல் இன்னும் ஒரு கை இருக்கிறது. கைக்குச் சொந்தக்காரி இல்லை.

கம்ப்யூட்டருக்குள்ளும் படம் இருக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. கேமராவிலிருந்து ஏற்றி வைத்ததில் அவள் இருந்த படங்களையெல்லாம் பொறுக்கி, D டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டேன். 'பிரிண்டர் டிரைவர்' என்று பேர் வைத்தேன். அந்தப் பேரைப் பார்த்தால் எவனும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டான் இல்லையா? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

உன் போனிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். புகுந்த வீட்டில் என் போன் பொதுச்சொத்து. மாமியாரிலிருந்து நாத்தனார் பிள்ளைகள் வரை யார் வேண்டுமானாலும் எடுத்து நோண்டுவார்கள். அம்மா வீடுதான் பத்திரம் என்று நினைத்தேன். நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்!

அந்த ஃபோல்டரைப் பற்றி அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். தம்பிக்குக்கூடத் தெரியாது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், அப்பாவும் தம்பியும் காட்டு வேலைக்குக் கிளம்பியதும் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள்.

"அந்தப் பொட்டியத் தொறடி, கொஞ்சம் பாக்கறேன்" என்பாள்.

ஒரு படம் உண்டு. அம்மா வாசலில் உட்கார்ந்து தங்கைக்குத் தலைவாரி விடுகிறாள். சின்னவள் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறாள். அம்மா வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தப் படத்துக்கு வந்தால் அம்மா நகர விடமாட்டாள். திரையை முந்தானையால் துடைப்பாள், கண்ணைத் துடைப்பாள், மறுபடி திரையைத் துடைப்பாள். நான் இல்லாத நாளிலும் பார்க்கட்டும் என்று, பெட்டியைப் போடவும் ஃபோல்டரைத் திறக்கவும் நானே சொல்லிக்கொடுத்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அது ஒரு பெரிய உறவு மாதிரி இருந்தது.

போன மாதம் தங்கை பேசினாள். அவள் பெங்களூரில் இருக்கிறாள். யாருக்கும் தெரியாமல் நான் வேலை செய்யும் இடத்துக்கு மதியம் கூப்பிடுவாள்.

"பாப்பா கேக்கறாக்கா, 'உனக்கு அம்மாவே இல்லியா'ன்னு. அவ கூடப் படிக்கறவங்களுக்கெல்லாம் பாட்டி, அம்மாயின்னு இருக்குதாம். அந்தத் தலவாரற போட்டோவ அனுப்பேன். இதுதான்டி எங்கம்மான்னு காட்டறேன்."

"ஞாயித்துக்கெழம ஊருக்குப் போறேன். எடுத்து அனுப்பறேன்" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் தம்பிக்குப் பெண் அமைந்திருந்தது. பெண் கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். இந்தப் பழைய கம்ப்யூட்டரோ, எப்போது போட்டாலும் 'உன் விண்டோஸுக்கு ஆயுசு முடிந்தது' என்கிற மாதிரி ஏதோ ஒரு அறிவிப்பைக் காட்டிக்கொண்டு ஆமை வேகத்தில் வந்தது. வருகிற பெண் பார்த்தால் மானம் போகும் என்று தம்பிக்குக் கவலை. அந்த வாரமே, தானே புது விண்டோஸ் போடப் போவதாகப் போனில் சொன்னான்.

"C-ய என்னமோ பண்ணிக்கோ. D-யத் தொடாத" என்றேன். எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்த மொத்தக் கம்ப்யூட்டர் சாஸ்திரமும் இதுதான்.

"அதெல்லாம் பத்தரமா இருக்கும்க்கா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால்தான் இந்த லட்சணம். வந்ததே எனக்கு ஆத்திரம். அப்பா வீட்டில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. தம்பியைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

"D-யத் தொடாதன்னு சொன்னனா இல்லியாடா? பிரிண்டர் டிரைவர்னு ஒண்ணு இருந்துச்சே, எங்கடா?"

"புதுசு போடணும்னா டிஸ்க் மொத்தத்தயும் அழிக்கணும்னு ஆயிருச்சுக்கா. எல்லாத்தயும் பென்டிரைவுல ஏத்தினேன். அதுல எடம் பத்தல. அதான் அம்மாவப் பக்கத்துல உக்கார வெச்சி, இது வேணுமா, இது வேணுமான்னு ஒவ்வொண்ணா கேட்டேன்." அவன் முழித்தான். "நம்ம வூட்ல பிரிண்டரே இல்லியே, இது எதுக்குன்னு கேட்டேன். அம்மா வேண்டாம்னுச்சு. ஏன், அதுல என்ன இருந்துச்சு?"

சமையலறையைப் பார்த்தேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அவளுக்கு அந்த ஃபோல்டரின் பேர் மறந்து போயிருக்கும், வேறு எதையோ நினைத்துச் சொல்லியிருப்பாள் என்று அந்த நிமிஷம்கூட நம்பப் பார்த்தேன். உள்ளே போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"அம்மா, அது எதுன்னு தெரிஞ்சேதான் சொன்னியா?"

"அவனத் திட்டாத. நாந்தான் எடுத்துரச் சொன்னேன்" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "வர்ற பொண்ணு கம்ப்யூட்டரு படிச்சவ. மொத நாளே எல்லாத்தயும் தொறந்து பாப்பா. எங்களுக்கு ஒரே பொண்ணு, ஒரே பையன்னு சொல்லித்தான பொண்ணு கேட்டிருக்கறோம்? நாளைக்கி யாரு இவன்னு கேட்டா உங்கப்பா என்ன பதிலு சொல்லுவாரு?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எடுத்துட்டுப் போயிருப்பனே!"

"சொன்னா நீ உடமாட்ட."

அவ்வளவுதான். நான் விடமாட்டேன் என்று தெரிந்துதான் என்னிடம் சொல்லவில்லை. அப்பா எல்லார் கண் முன்னாலும் அடுப்பில் வைத்தார். அவர் என்ன மனிதர் என்று எனக்குத் தெரியும், அவரிடம் எதையும் நான் கொடுத்து வைக்கவில்லை. இவளோ என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னோடு சேர்ந்து அழுதவள். அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து செவலை மாட்டுக்கு வேணும் என்று சொன்ன அதே வாயால், பெற்ற மகளுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். பென்டிரைவில் இடம் இல்லையாம்! தம்பி ஏற்றி வைத்திருந்த சினிமாக்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. என் தங்கை மொத்தமும் சேர்ந்து ஒரு சினிமாவில் கால்வாசிகூட இருக்கமாட்டாள்.

"நீ பாக்கவே வேணாம்மா. சின்னவ அவ பிள்ளைக்குக் காட்டத்தான் கேட்டா" என்றேன். அம்மாவின் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். "மத்தியானம் இருந்து சாப்புட்டுப் போ" என்றாள். நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தேன்.

கம்ப்யூட்டர் கடையில் ஏதாவது செய்து மீட்டுத் தருவார்களா என்று, சிபியூவைத் தூக்கிக்கொண்டு தருமபுரி பஸ் ஏறினேன். கடைக்காரர் பொறுமையாகப் பார்த்தார். "அழிச்சது மேலயே எல்லாத்தயும் திருப்பி ஏத்திட்டாங்க. இனிமே வராதுங்க" என்றார். நான் முன்பே எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.

மறுநாள் மதியம் தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது. "பெரிம்மா போட்டோ அனுப்பிட்டாங்களா?" என்று அது அவளை நச்சரித்தது.

நடந்ததை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். வாய் வரவில்லை. "புது விண்டோஸ் போட்டாங்க. அதுல எல்லாம் அழிஞ்சு போச்சு கண்ணு" என்றேன்.

அவள் என்னைத் தேற்றுகிற குரலில் பேசினாள்.

"போனாப் போவுது, உடுக்கா. நீ ஒண்ணும் மனசு கஷ்டப்படாத. அம்மா எப்படியும் எங்கயாச்சும் ஒண்ணு எனக்குன்னு ஒளிச்சி வெச்சிருக்கும். அம்மாவ எனக்குத் தெரியாதா?"

"ஆமா" என்றேன். "வெச்சிருக்கும்."