பத்தொன்பது என்று சொன்னேன்

லின்ஃபீல்டில் வாடகை அறையில் இருந்த காலம். ஓக்லாந்து நகரின் மேற்குக் கடற்கரையோரம், வைனுக்குத் திராட்சை வளர்க்கும் தோட்டமொன்றில் எனக்கு வேலை. அறுவடை முடிந்தால் வேலையும் முடியும். கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த மனைவிக்கு அதை நான் சொல்லவில்லை. நான் வேலையில் இருந்தால்தான் அவளுக்கு விசா. அதை உறுதிப்படுத்த விசா அலுவலகத்திலிருந்து சில நாட்களில் முதலாளிக்குப் போன் வரும். அதுவரை பறிக்கத் தொடங்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

குளிர்நாட்டு வைனுக்கு அது விளைந்த வருடம்தான் ஜாதகம். அதனால்தான் லேபிளில் வருடத்தைப் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் கொடி வருடத்துக்கு இரண்டு முறை காய்த்தது. ஒன்று பிழைத்தால் மற்றது இருக்கும். இங்கே ஒரே முறை. அந்த வருடக் கோடையோ குளிரும் தூறலுமாக, கோடை மாதிரியே இல்லை.

முதலாளிக்கு வயதாகிவிட்டது, கண்ணில் புரை. பழத்தின் சீனி அளவைக் காட்டும் சின்னக் குழாயை நான்தான் பார்த்துச் சொல்வேன். இருபத்தொன்று வந்தால் மறுநாளே பறிக்க வேண்டும். ஒரு காலை சாறு விட்டுப் பார்த்தேன். இருபத்தொன்று.

"பத்தொன்பது," என்றேன்.

அவர் ஒரு பழத்தை மென்று பார்த்தார். "இனிக்கிற மாதிரித்தான் இருக்கிறது. சரி, நீ சொன்னால் பொறுப்போம்," என்றார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. நான் வேலையில் இருப்பதாக முதலாளி சொன்னார். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் கடலிலிருந்து மழை ஏறி வந்து மூன்று நாள் விடாமல் கொட்டியது. குலைகளில் சாம்பல் பூஞ்சணம் படர்ந்தது. பாதிக்கு மேல் வெட்டி மண்ணில் போட்டோம். அவர் கடலைத் திட்டினார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விலகும்போது, கேட்காமலே ஒரு நற்சான்றுக் கடிதமும் எழுதித் தந்தார்.

மனைவி வந்து சேர்ந்தபின் அந்தக் கடிதத்தைக் கலியாணச் சான்றிதழோடு பத்திரப்படுத்தினாள். ஒருநாள் எடுத்து வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"இஞ்ச பாருங்கோ, உங்கட சொல்லை நம்பலாமெண்டு எழுதியிருக்கிறார். நானே இப்பிடி எழுதித் தரமாட்டன்."

அந்த வாரம்தான் முதலாளியின் தோட்டத்து வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"நல்ல மனுசன் போல," என்றாள். "ஒருக்காப் போய்க் கதைச்சிட்டு வருவமே?"

"ஓம்," என்றேன். "கொஞ்சம் பொறுப்பம்."