நாலு நிமிஷத்தில் பார்த்த பொருத்தம்

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சத்தத்தை யாரோ யூடியூபில் போட்டிருக்கிறார்கள். நேற்று கேட்டேன்... அந்தக் கர்ர்ர் சத்தத்தோடு வசந்தி அக்காவின் முகமும் வந்துவிட்டது.

2008 வாக்கில், திண்டுக்கல்லில் ஒரு திருமணத் தகவல் மையம். எம்.சி.ஏ. முடித்த கையோடு அங்கே புரோகிராமர் ஆனேன். ஜாதகங்களை டைப் பண்ணி, பெண் வீட்டாருக்குத் தரும் பொருத்த லிஸ்டை பிரிண்ட் எடுப்பது வசந்தி அக்கா. வயது முப்பத்து மூன்று. செவ்வாய் தோஷம். அவருடைய ஜாதகமும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

சனிக்கிழமைதோறும் எல்லாப் பெண் ஜாதகங்களையும் எல்லா மாப்பிள்ளை ஜாதகங்களோடும் ஒப்பிட்டு ஒரு க்வெரி ஓடும். மூன்று மணி நேரம் ஆகும். அப்போது கரண்ட் போன லட்சணம் ஞாபகம் இருக்குமே... பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு சனிக்கிழமை அதிசயமாக முழுசாக ஓடியது. அக்காவின் லிஸ்டில் முதல் தடவையாக ஒரு பெயர். எரியோடு ஊர்க்காரர், மில்லில் ஃபிட்டர், அவருக்கும் செவ்வாய்.

"ஆளு எப்படிக்கா?"

"நான் எங்கடா போட்டோவப் பாத்தேன்?" என்றார். அந்த போட்டோவை ஸ்கேன் பண்ணியதே அவர்தான்! "அடுத்த வாரமும் லிஸ்ட்ல இருக்காகளான்னு பாத்துட்டு அண்ணன்கிட்ட சொல்றேன் அப்பு."

அந்த வாரம்தான் ஓனர் பழைய டப்பா கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு, நாலு மூளை மாதிரி நாலு கோர் உள்ள குவாட் கோர் மெஷின் வாங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. க்வெரியை நாலாகப் பிரித்து, நாலு கோரும் ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி எழுதினேன்.

மூன்று மணி நேர வேலை... நாலு நிமிஷம்!

ஓனர் எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கித் தந்தார். நான் கடிகாரத்தை மட்டும்தான் பார்த்தேன். போன வாரம் எத்தனை ஜோடி, இந்த வாரம் எத்தனை ஜோடி என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அக்காவின் பக்கம் காலியாக வந்தது.

வேறு இடத்தில் முடிவானால் வீட்டார் போன் பண்ணுவார்கள், ஓனர் அந்த ஜாதகத்தை எடுத்துவிடுவார். லிஸ்டில் பெயர் இல்லை என்றால் எங்கள் ஆபீஸில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரும் எதுவும் கேட்பதில்லை. அக்காவும் கேட்கவில்லை.

"அவுகளுக்கு வேற எடம் அமைஞ்சிருக்கும்... நல்லா இருக்கட்டும்" என்று அந்தத் தாளை ரஃப் பேப்பர் கட்டில் வைத்தார். "ஆனாலும் இம்புட்டு வெரசா முடிச்சிட்டியே, கெட்டிக்காரன்டா நீ."

நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் அக்கா தன் லிஸ்டை எடுத்துப் பார்க்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து, அக்கா லீவு போட்ட ஒரு நாள், அந்த ஃபிட்டரின் அப்பா பத்திரிகையோடு வந்தார்.

"போன வாரந்தான் தம்பி முடிவாச்சு. ரெண்டு வருசமா ஒண்ணும் தோதா அமையல. ஜாதகத்த எடுத்துருங்க."

போன வாரமா? தேடினேன். ஜாதகம் இருந்தது. இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அவர் போனதும் பழைய முறையில் ஒரே கோரில் ஓட்டினேன். அக்காவின் பக்கத்தில் எரியோட்டுக்காரர் வந்தார். புதுசில் மூன்று தடவை ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஜோடிகள் காணாமல் போயின. நாலு கோரும் ஒரே லிஸ்டில் எழுதுகின்றன, இரண்டு ஒரே வரியில் மோதினால் ஒரு பெயர் அழிந்துவிடும். எரர் மெசேஜ்கூட வராது. அக்கா இன்னொரு வாரம் பார்த்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்கும்.

சரிசெய்யப் பத்து நிமிஷம்தான் ஆனது. ஓனரிடம் "சின்ன கரெக்ஷன் சார்" என்றேன். அக்காவிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் அவர், "கத்திரிக்கா வெஞ்சனம் கொண்டாந்திருக்கேன், தின்னு" என்று டப்பாவை நீட்டினார். தலையைக் குனிந்துகொண்டு தின்றேன்.

இன்றைக்கு என் சட்டைப் பையில் இருக்கிற போனிலேயே எட்டு கோர். ஆபீஸில் எந்த க்வெரியையும் முதலில் ஒரே கோரில் ஓட்டி, எண்ணிக்கையை ஒப்பிட்ட பிறகுதான் விடுவேன். "எதுக்கு சார் இவ்வளவு பயம்?" என்று ஜூனியர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வசந்தி அக்கா இப்போது அகரத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. நான் எது எழுதினாலும் படிக்காமலே முதல் லைக் அவருடையதுதான்.

அக்கா, இதை மட்டும் படித்துவிடுங்கள். அன்றைக்கு அவர் வேறு இடத்துக்குப் போகவில்லை. நான்தான் தொலைத்தேன்.