பகலில் தூங்குகிறவன் வீட்டு ஜன்னல்

எதிர்வீட்டு வெர்னா ட்ரெஸைஸை யாராவது திமிர் பிடித்தவள் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஆஸ்திரேலியச் சுரங்க ஊரான புரோக்கன் ஹில்லில் அவளைவிடப் பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூட கேன்டீனில் பகல் முழுக்கப் பிள்ளைகளுக்கு சாண்ட்விச் கட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடப்பாள். உள்ளே டெஸ் தூங்கிக்கொண்டிருப்பான்.

டெஸ் அவள் கணவன். சுரங்கத்துக்குள் லாரி ஓட்டுகிறான், நிரந்தர இரவு வேலை. நான் காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது வந்து இறங்குவான். பகலில் தூங்கினால்தான் இரவில் உயிரோடு திரும்பலாம். போன கோடைக்கு முந்தின கோடையில் கண் அசந்து லாரியைப் பாறைச் சுவரில் உரசிவிட்டான். அன்றிலிருந்து அவன் தூக்கம்தான் வெர்னாவுக்கு உயிர்.

இங்கே இரவு வேலைக்காரன் வீட்டைத் தெருவிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஜன்னல் கண்ணாடி முழுக்க சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி வைத்திருப்பான். வெர்னாவும் ஒட்டித்தான் வைத்திருந்தாள். ஆனால் அது வாடகை வீடு. உரிமையாளர் அடிலெய்டில் இருக்கிறார். அவருக்காக லாக்லன் என்ற ஏஜென்ட் பையன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டைச் சோதனை போட வருவான். அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்ப்பான். குளியலறை மூலையை விரலால் தடவிப் பார்ப்பான். சொந்த வீட்டில் அந்த விரல் எதையாவது தொட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

"இந்தத் தாளைப் பிச்சிருங்க வெர்னா. வெளியிலேர்ந்து பார்க்கவே அசிங்கமா இருக்கு," என்றான்.

"அப்ப டெஸ் எப்படித் தூங்குவான்?"

"கண்ணைக் கட்டிக்கிட்டுத் தூங்கச் சொல்லுங்க."

நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவன் கண்ணைக் கட்டி அனுப்பியிருப்பேன். வெர்னா தாளைக் கிழித்தாள்.

அந்த வாரமே படுக்கையறையின் இரண்டு ஜன்னலுக்கும் திரை தைக்கத் துணி வாங்கினாள். சாம்பல் நிறத்தில் தடித்த துணி, பின்னால் வெளிச்சம் புகாத ரப்பர் பூசிய உள்துணி. இரண்டையும் சேர்த்துத் தைத்து, குறுக்கே பைகள் மாதிரி மடிப்பு விட்டு மெல்லிய மரக்குச்சிகளைச் செருகினாள். பின்பக்கம் வளையங்கள் தைத்துக் கயிறு கோத்தாள். கயிற்றை இழுத்தால் மடிந்து மடிந்து மேலே போக வேண்டும்.

போகவில்லை. பாதியில் சிக்கிக்கொண்டது. ஜன்னல் சட்டத்தின் மேற்பக்கத்தை மட்டும் அளந்திருந்தாள். இந்த ஊர்த் தகர வீடு எதுவும் நேராக நிற்பதில்லை. மேலே ஓர் அகலம், கீழே ஓர் அகலம். இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது மறந்துபோயிருக்கிறது.

"வீடு சாஞ்சிருக்குன்னு என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. நான் கட்டில்லேர்ந்து உருள்ற பக்கம்தான் சாய்வு," என்று டெஸ் சிரித்தான்.

"உருண்டது போதும், அந்தப் பக்கத்தைப் பிடி," என்றாள் வெர்னா.

சட்டத்துக்குள் மாட்டினால் சரிவராது. அதற்கு வெளியே சுவரில், ஜன்னலைவிட அகலமாக மாட்டினால் ஓரத்து வெளிச்சமும் வராது. பழைய மேஜை விரிப்பைக் கிழித்து இரண்டு பக்கமும் ஒட்டுப்போட்டாள். ஆனால் சுவரில் துளை போட அனுமதி வேண்டும். லாக்லனிடம் கேட்டாள். "ஓனர்கிட்ட கேக்குறேன்," என்றான். மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே பதில். டிசம்பர் பிறந்து கோடை வெயில் வந்துவிட்டது. மேற்கு பார்த்த ஜன்னல்கள், தகரச் சுவர். டெஸ் தூக்கமில்லாமல் கண் சிவந்து வேலைக்குப் போனான். ஒருநாள் காலை வெர்னா என் வாசலில் வந்து நின்றாள்.

"மெர்ல், உன் டிரில்லிங் மிஷினைக் குடு."

கொடுத்தேன். கூடப் போய் ஸ்டூலையும் பிடித்துக்கொண்டேன். அன்று அந்த அறை பாதாளம் மாதிரி இருண்டது. டெஸ் சாயங்காலம்வரை அசையாமல் தூங்கினான். வெர்னா என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த சோதனையில் லாக்லனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரைக் கேட்டு ஓட்டை போட்டீங்க? அடுத்த தடவை நான் வர்றப்ப இதெல்லாம் கழட்டி, பட்டி வச்சு, ஓட்டையே தெரியாம இருக்கணும்."

அடுத்த தடவை வருவதற்குள் உரிமையாளர் வீட்டை விற்க முடிவு செய்துவிட்டார். இப்போது லாக்லன் சிரித்துக்கொண்டு வந்தான். திரைகளைப் பாதி இறக்கி, முழுசாக இறக்கி, விதவிதமாகப் படம் எடுத்தான். மறுநாள் விளம்பரத்தில் வெர்னாவின் படுக்கையறைதான் முதல் படம். 'நேர்த்தியான தையல் திரைகளுடன் குளுமையான அறை' என்று கீழே எழுதியிருந்தது. கிழிந்த மேஜை விரிப்பில் போட்ட ஒட்டுதான் அந்த நேர்த்தி.

"சனிக்கிழமை மத்தியானம் வீடு பார்க்க ஆள் வருது. திரை அப்படியே இருக்கட்டும்," என்றான்.

"வித்ததுக்கப்புறம் நாங்க எடுத்துட்டுப் போகலாம்ல?"

"சுவத்துல ஸ்க்ரூ போட்டு முடுக்கினது வீட்டோட சேர்ந்ததுதான் வெர்னா. அதெல்லாம் எடுக்கக் கூடாது."

என்ன அநியாயம் பாருங்கள். காற்றோட்டமான அறை கொடுத்தானா, நூல் வாங்கிக் கொடுத்தானா, ஒரு ஊசியாவது கோத்துக் கொடுத்தானா? தூங்கவிடாமல் துரத்தியவனுக்கு இப்போது அவள் தையல் சொந்தமாம். நான் பொரிந்து தள்ளினேன். வெர்னா தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை இரவு டெஸ் வேலைக்குப் போனதும் அவள் இரண்டு திரைகளையும் கழற்றினாள். துளைகளுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, தரையைப் பெருக்கினாள். திரைகளை என் பின்னறை ஜன்னல்களில் மாட்டினோம். என் வீடு வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது, திரை கோணலாகத் தொங்கியது. இருந்தாலும் இருட்டு இருட்டுதானே. சனிக்கிழமை காலை வேலை முடித்து வந்த டெஸ் தெருவைக் கடந்து நேராக அங்கே போய்ப் படுத்தான்.

மத்தியானம் வாங்க வந்தவர்கள் அந்தப் படுக்கையறைக்குள் நுழைந்த வேகத்திலேயே, வெயில் கண்ணைக் குத்த, நெற்றியில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். என் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்தது. லாக்லன் வியர்வை ஒழுகத் தெருவைத் தாண்டி வந்து என் கதவை இடித்தான். வெர்னாதான் திறந்தாள்.

"திரை எங்க? விளம்பரத்துல போட்டிருக்கேன், வந்தவங்க கேக்குறாங்க," என்று கத்தினான்.

"கழட்டச் சொன்னீங்க, கழட்டினேன். பட்டி வைக்கச் சொன்னீங்க, வச்சேன். போய்த் தடவிப் பாருங்க தம்பி, ஓட்டையே தெரியாது."

"அது அப்போ சொன்னது."

"இப்ப சொல்றது நான். மெதுவா பேசுங்க, டெஸ் தூங்குறான்."

உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. லாக்லன் படியிலிருந்து இறங்கி, சத்தம் வராமல் கேட்டைச் சாத்திக்கொண்டு போனான்.