பழைய அளவு செல்லாது

டேப் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது, அவரிடம் டேப் இல்லாத ஒரே இடத்தில். தையல் கடையில் காலை முதல் இருட்டும்வரை அளவு டேப் அவர் கழுத்தில்தான் கிடக்கும். புதன்கிழமை மதியம் சிறைச்சாலை வாசலுக்குப் போனால் மட்டும் வார்டர் கையை நீட்டுவார். ஐந்தடி நீளமுள்ள எந்தக் கயிறும் நாடாவும் உள்ளே போகக் கூடாது என்பது விதி. டேப் கழன்று வார்டரின் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். அக்கா வெறுங்கழுத்தோடு உள்ளே போய், அடுத்து விடுதலையாகப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு சட்டையும் பேன்ட்டும் தைக்க அளவெடுப்பார்.

டேப் இல்லாமல் எப்படி என்றால், சுவரை வைத்துத்தான். பார்வையாளர் கூடத்தின் சுவரில் எட்டு அங்குல டைல்ஸ் பதித்திருந்தார்கள். ஆளைச் சுவரோரம் நிறுத்தி, தோளுக்கு இத்தனை டைல்ஸ், காலுக்கு இத்தனை டைல்ஸ் என்று எண்ணிவிடுவார். இடுப்பின் அகலம் தெரிந்தால் சுற்றளவு அவருக்கு மனக்கணக்கு. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு அவராகவே ஓர் அங்குலம் கூட்டிக்கொள்வார். முதன்முதலில் சுவரோரம் நிறுத்தப்பட்டவர், யாரும் சொல்லாமலே நேராக ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை திரும்பி நின்றார்.

"போட்டோ எடுக்கல தம்பி, சும்மா நில்லுங்க" என்றார் அக்கா.

எல்லாரையும் அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார், அறுபது வயதுக்காரரைக்கூட. உள்ளே இருப்பவர்களும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். இத்தனை தம்பிகள் கூப்பிட்டும், கூப்பிட வேண்டியவன் மட்டும் கூப்பிடவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வேலைக்கு அவர் வந்ததற்கு ஊருக்குச் சொன்ன காரணம் ஒன்று உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருவர் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி கடை வாசலில் வந்து நின்று, "ஒரு குண்டூசி கிடைக்குமா?" என்று கேட்டார். அன்று காலைதான் விடுதலையாகியிருந்தார். பிடிபட்ட நாளில் போட்டிருந்த துணியை ஒரு பையில் கட்டிவைத்து, வெளியே விடும் நாளில் அதையே கொடுத்து அனுப்புவார்களாம். துணி அப்படியே இருக்கும், ஆள் அப்படியே இருக்க மாட்டார். பஸ்ஸில் ஏறியவுடன் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று சொல்லி அவர் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே, சிறைக்குப் போய் உதவிகள் செய்துவந்த ஓய்வுபெற்ற தபால்காரரைத் தேடிப் போய்த் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் ஒரு சறுக்கல் நடந்தது. துணிக்கடையில் மிஞ்சிய சாம்பல் நிறத் துணி ஒன்றிலேயே ஆறு சட்டைகளைத் தைத்துக் கொடுத்துவிட்டார். ஆறு பேரும் ஒரே நாளில் ஒரே சட்டையோடு பஸ்ஸில் ஏற, நடத்துநர் எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அக்கா ஒரே துணியை இரண்டு பேருக்குத் தைத்ததில்லை. போட்டுக்கொண்டு போகிறவரை யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுதான் நல்ல தையல் என்பது அவருடைய கட்சி.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. "உள்ள வர்றப்ப எனக்கு முப்பத்தாறு அக்கா" என்று யாராவது ஆரம்பித்தால் முடிக்க விட மாட்டார். "பழைய அளவு செல்லாது. சுவத்துல நில்லுங்க" என்பார். இருநூற்றுச் சொச்சம் பேர் அப்படி நின்றிருக்கிறார்கள். ஒருவருக்குக்கூடத் தையல் பிசகியதில்லை.

இனி ஊருக்குச் சொல்லாத காரணம். அவருடைய சொந்தத் தம்பி அதே கட்டடத்துக்குள் இருந்தான்.

வண்டி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தவன். ஒருநாள் மதியம் கூட்டாளியோடு வாய்த்தகராறு முற்றி ஸ்பேனரை ஓங்கிவிட்டான். அடிபட்டவர் பிழைக்கவில்லை. அந்த நேரத்தில் தான் அக்கா கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக நீதிமன்றத்தில் சொன்னான். அக்காவைக் கூண்டில் ஏற்றி, "அன்னிக்கு மதியம் உங்க தம்பி உங்க கடையில இருந்தாரா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னார். ஒரே ஒரு வார்த்தை. தீர்ப்பு வந்த பிறகு வக்கீல் மூலமாகத் தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: அந்த அம்மா என்னைப் பார்க்க வர வேண்டாம். அவனுடைய எட்டு வயதிலிருந்து அவனுக்குச் சட்டை தைத்துப் போட்டவர், ஒரே நாளில் அந்த அம்மா ஆகிவிட்டார்.

அதனால் அவர் அவனைப் பார்க்கப் போகவில்லை. மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மற்ற எல்லாரையும் பார்க்கப் போனார். விடுதலைக்கு நாள் இருப்பவர்களும் தபால்காரரோடும் அக்காவோடும் பேசக் கூடத்துக்கு வரலாம், பெயர் மட்டும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை பார்ப்பார். எட்டு வருடமாக அவன் பெயர் கொடுக்கவில்லை. தையல்காரி யார் என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தம்பி தன்னை வெறுக்கிறான் என்பது அக்காவுக்கு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. சொன்னது பொய்யாக இருந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

போன மாதம் தபால்காரர் விடுதலைப் பட்டியலோடு கடைக்கு வந்தார். ஐந்து பேர். நான்கு பேர் அளவு கொடுத்துவிட்டார்கள்.

"இந்த அஞ்சாவது ஆளு சுவத்துப் பக்கமே வரலையேக்கா" என்றார். "கூட்டிட்டுப் போக யாரு வருவான்னு எழுதற இடத்துல கோடு போட்டு வச்சிருக்காரு. விடுதியில ஒரு இடம் சொல்லிட்டேன். துணி மட்டும் ரெடிமேடா வாங்கிரட்டுமா?"

அக்கா பெயரைப் பார்த்தார். தையல் மெஷின் மேல் இருந்த கையை எடுக்கவில்லை.

"வேண்டாம். அளவு எங்கிட்ட இருக்கு."

தபால்காரர் ஏதும் கேட்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமலே முப்பது வருடம் வேலை பார்த்தவர்.

நீல நிறத்தில் மெல்லிய கோடு போட்ட துணியைத் தேர்ந்தெடுத்தார். இடுப்பு முப்பத்திநாலு, தோள் பத்தொன்பது. யோசிக்கவே இல்லை, கை தானாக வெட்டியது. அவன் இடது கைக்காரன். அதனால் சட்டைப் பையைச் சின்ன வயதில் தைத்ததுபோலவே வலப்பக்கம் வைத்தார். ஊருக்கெல்லாம் பழைய அளவு செல்லாது என்று சொன்னவர், அந்த ஒரு சட்டைக்கு மட்டும் அதை மறந்துபோனார். போட்டுக்கொள்வானா, இல்லை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவானா என்பதுதான் அன்று அவருக்கிருந்த ஒரே கவலை.

விடுதலை நாளில் வாசலுக்குப் போவது தபால்காரர் வேலை. அன்று அக்காவும் போனார். வார்டர் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார்.

"நான் உள்ள வரல சார்" என்றார் அக்கா. டேப் கழுத்திலேயே இருந்தது.

பத்து மணிக்குச் சின்னக் கதவு திறந்தது. நான்கு பேர், தைத்த துணி கச்சிதமாகப் பொருந்த, வெளியே வந்து போனார்கள். ஐந்தாவதாக அவன் வந்தான். நீலச் சட்டைதான் போட்டிருந்தான். தோள் முழங்கைக்குப் பாதி வழியில் தொங்கியது. வலது கையில் பழைய துணிப் பை, இடது கையில் பேன்ட்டின் இடுப்பு. கை குலுக்கப் போன தபால்காரருக்குக் கொடுக்க அவனிடம் கை மீதி இல்லை.

"என்னக்கா, இது யாரோட அளவு?" என்று தபால்காரர் மெதுவாகக் கேட்டார்.

எதிரே பஸ் ஸ்டாப்பில் ஊர்க்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இரண்டாவது தடவையும் பார்த்தார்கள்.

எட்டு வருடமாக அக்கா மனதுக்குள் எவ்வளவோ பேசி வைத்திருந்தார். கிட்டே போனதும் அதில் ஒன்றும் வரவில்லை.

"இளைச்சுட்ட" என்றார்.

"சட்டை பெருத்துடுச்சு" என்றான் அவன்.

"நில்லு" என்று டேப்பை உருவினார். அவன் பையைக் கீழே வைத்துவிட்டு, பதினொரு வருடப் பழக்கத்தில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்தி நின்றான். பேன்ட்டுக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. அக்கா சரியான நேரத்தில் பிடித்துக்கொண்டார்.

"கையை இறக்குடா. இங்க யாரும் சோதனை போடல."

டைல்ஸை எண்ணுவதற்கு ஆறடி தள்ளி நின்றால் போதும். டேப்பால் இடுப்பை அளக்க இரண்டு கையையும் ஆளைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அக்கா கொண்டுபோனார். அளப்பதற்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அப்படியே இருந்தார். தபால்காரர் பஸ் நேர அட்டவணையை முழுக்கவனத்தோடு படித்தார்.

"இருபத்தொன்பது" என்றார் அக்கா.

"நீ எவ்வளவு வச்ச?"

"முப்பத்திநாலு."

அவன் குனிந்து பேன்ட்டைப் பார்த்தான்.

"கோர்ட்ல கேட்டப்ப சரியாத்தானக்கா சொன்ன" என்றான். "இதுல மட்டும் ஏன் தப்பா வச்சுட்ட?"

அக்கா அதற்குள் நான்கு குண்டூசிகளை எடுத்து உதட்டில் கடித்து வைத்திருந்தார். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு அழக் கூடாது என்பது தொழில் ஒழுங்கு. நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அழுதார். அவன் பேன்ட்டைப் பிடித்தபடி நின்றான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பை மடித்து, ஊசிகளைக் குத்த ஆரம்பித்தார். தபால்காரர் தயங்கித் தயங்கி விடுதிச் சீட்டை நீட்டினார்.

"பன்னெண்டு மணிக்குள்ள போய்ச் சேரணும் தம்பி. ஜன்னலோரக் கட்டில்தான் சொல்லியிருக்கேன்."

அவன் சீட்டைப் பார்த்தான். வாங்கவில்லை.

"குத்துதுக்கா."

"குத்தத்தான் செய்யும். வீடு வரைக்கும் பொறுத்துக்கோ."

அவன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். பஸ் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"எத்தனை ஸ்டாப்?"

"ஒன்பது."

"பரவால்ல" என்றான்.

தபால்காரர் சீட்டை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.