மடிக்கும் சைக்கிளில் வாய்க்கால் கரை வழியாக

மடிக்கும் சைக்கிளுக்குப் பதினாறு அங்குலச் சக்கரமா, இருபதா என்று தஞ்சாவூர்க் கடையில் ஒரு பகல் முழுக்க யோசித்தேன். பதினாறு என்றால் மடித்துப் பேருந்தில் ஒரு மூலையில் வைத்துவிடலாம். ஆனால் பாபநாசத்தில் இறங்கியபின் நான் போகவேண்டியது வாய்க்கால் கரை. சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழும். இருபது உருண்டு கடந்துவிடும்.

“கியர் எதுக்குங்க? நம்ம ஊர்ல மேடு எங்க இருக்கு?” என்றார் கடைக்காரர்.

“காத்து அடிக்குதுங்களே.”

ஆடிக் காற்று எதிரே அடித்தால் அதுவும் மேடுதான். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் உள்ள கியர் வண்டியாக எடுத்தேன். மெதுவாகத்தான் போகும், முட்டி தாங்கும்.

“சைக்கிள் மடியுது, உங்க முட்டிதான் மடிய மாட்டேங்குது,” என்றாள் மனைவி. மகன் காரில் கொண்டுவிடுவதாகச் சொன்னான். நான் தேடிப் போகிறவரின் வாசலில் காரிலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை.

அங்கே இருப்பவர், தன் தகப்பன் காலத்திலிருந்து எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்தவர். நான் வாலிபனாக இருந்தபோது, கழக ஆட்சியில், குத்தகைதாரர் பெயரைப் பதிவதற்கு அதிகாரிகள் ஊர் ஊராக வந்தார்கள். பதிந்துவிட்டால் அவரை நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது. “நீ ஒண்ணும் பேச வேணாம். போய் நில்லு, போதும்,” என்றார் அப்பா. நான் கல்லூரிப் படிப்பை முடித்திருந்தேன், சட்டம் தெரியும். போய் நின்றேன்.

“குத்தகைக்குச் செய்யுறியா, கூலிக்கா?” என்று அதிகாரி கேட்டார்.

குத்தகைக்காரர் என்னைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“கூலிக்குத்தாங்க.”

நிலக்காரர் வீட்டுப் பிள்ளை எதிரே நிற்கும்போது அவருக்கு வேறு சொல் வராது. அதற்காகத்தான் நின்றேன். அடுத்த சாகுபடிக்கு நிலம் அவர் கையில் இல்லை.

பாபநாசத்தில் இறங்கி, கரையில் ஏறியதும் கியரைக் குறைத்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. மிதிப்பது நானா, கரை தானாகப் பின்னால் நழுவுகிறதா என்று தெரியாத ஒரு மயக்கம். வானம் தண்ணீருக்குள் கூடவே வந்தது. நாற்றங்கால் பச்சையில் கொக்குகள் எழுந்து, அதே இடத்தில் அமர்ந்தன. எனக்கு என்ன வயது என்பதே சற்று நேரம் மறந்துபோயிற்று.

அவர் வேப்பமர நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடையாளம் கண்டுகொண்டார்.

“சக்கரம் என்னாங்க, இப்புடிக் குட்டியா இருக்கு?”

மடித்துக் காட்டினேன். சிரித்தார். அப்புறம், எதற்காக அன்று அங்கே நின்றேன் என்பதைச் சொன்னேன்.

“அது தெரியும்ங்க,” என்றார். “எம் பொண்டாட்டிக்குத்தான் தெரியல. சாவுற வரைக்கும் என்னைத்தான் பயந்தாங்கொள்ளின்னு ஏசுச்சு.”

மடித்த சைக்கிளை மரத்தோரம் நகர்த்திவைத்தேன்.

“எம் மவனும் அப்புடித்தான் நெனைச்சிக்கிட்டிருக்கான். அவன்கிட்ட சொல்லுங்க. வயலுக்குப் போயிருக்கான், வந்துருவான்.”

கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். காத்திருந்தோம். சேற்றுக் காலோடு வந்த மகனிடம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.